மடை திறக்கும் கைகள்

அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது எது? தலைநகரின் கோட்டை, அமைச்சரின் வாகன வரிசை, மிஞ்சினால் மாவட்ட ஆட்சியரின் அலுவலகம். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஆட்சியரை நேரில் கண்டு நான்கு வார்த்தை பேசியிருப்போம்? சாமானியக் குடிமகன் தன் ஆயுளில் காண்கின்ற அரசாங்கம் வேறு. ஒரு மர மேஜை, அதன்மேல் தூசு படிந்த பதிவேடுகள், அவற்றுக்குப் பின்னால் கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு அருகே நிற்கும் கிராம உதவியாளர். பிறப்பும் இறப்பும், நிலமும் நீரும், சாதிச் சான்றும் வாரிசுச் சான்றும் இந்த மேஜையைக் கடந்துதான் மேலே செல்ல வேண்டும்.

உப்பூர் வட்டாரத்து மக்களுக்கு இதை ஓர் உவமையால் எளிதில் விளக்கிவிடலாம். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. நாரையும் பறந்து கடக்க முடியாத அகலமும் நாற்பத்தெட்டு மடைகளும் கொண்ட கண்மாய் என்று அதன் பெருமையைப் பேசுவோம். ஆனால் கண்மாய் எவ்வளவு பெரியதாயினும், மடையைத் திறப்பவன் உரிய நேரத்தில் திறக்காவிட்டால் கடைசி வயலுக்கு நீர் எட்டாது. சட்டமும் திட்டமும் நிதியும் கண்மாய் நீர் என்றால், கீழ்நிலை அலுவலர்களே மடை திறப்பவர்கள். அவர்களைப் பற்றி நாம் அதிகமாகக் குறை கூறுகிறோம், குறைவாகவே சிந்திக்கிறோம். இக்கட்டுரை அந்தச் சிந்தனைக்கான சிறு முயற்சியே.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் அரசு ஊழியன் அல்லன். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் மதரஸா ஆசிரியன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் என்ற ஒரே காரணத்தால், மனு எழுதித் தரும் வேலையும் என்னைத் தேடி வந்து சேர்ந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் யாராவது ஒருவர் கையில் காகிதத்துடன் காத்திருப்பார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், படகில் சென்று திரும்பாதவரின் வாரிசுச் சான்று என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அந்த மனுக்கள் எங்கே போகின்றன, எங்கே நிற்கின்றன, யார் கைபட்டால் நகர்கின்றன என்பதைக் கூர்ந்து கவனித்து வந்திருக்கிறேன்.

வருவாய்த் துறையின் வாசலில் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு மதரஸா ஆசிரியனுக்கு வியப்பு ஏற்படும். அங்கே புழங்கும் சொற்களில் பல நம் பாடப் புத்தகத்துச் சொற்களே! தாசில்தார் என்பதில் உள்ள 'தஹ்ஸீல்' அரபுச் சொல். வசூலித்தல் என்று பொருள். பாக்கி என்றால் மீதமிருப்பது. கிஸ்தி என்பது தவணை. வாரிசு, வசூல், தாலுகா, ஜில்லா எல்லாம் அவ்வழி வந்தவையே. ஜமாபந்தியில் உள்ள 'ஜமா' கூட்டுத்தொகையைக் குறிக்கும். பசலி என்பது பருவத்தையும் அறுவடையையும் குறிக்கும் 'ஃபஸ்ல்' என்ற சொல்லின் வழி வந்தது. அக்பர் காலத்தில் தோன்றிய அந்த ஆண்டுக் கணக்கு, ஜூலை முதல் நாளில் தொடங்கி ஜூன் இறுதியில் முடிவதாக இன்றும் நம் கிராமப் பதிவேடுகளில் வாழ்கிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான ஆண்டு, பதிவேட்டில் பசலி 1434 ஆகும்.

இவற்றுள் இரண்டு சொற்கள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்ததுண்டு. ஒன்று 'அமீனா'. நீதிமன்றக் கட்டளையைக் கொண்டுவந்து ஜப்தி செய்யும் ஊழியரைக் கண்டு ஊரே அஞ்சும். ஆனால் அச்சொல்லின் வேரான 'அமீன்' என்பதற்கு நம்பிக்கைக்குரியவர் என்பதே பொருள். மற்றொன்று 'முன்சீப்'. நம் கிராமங்களில் ஒரு காலத்தில் கிராம முன்சீப் இருந்தார். 1816ஆம் ஆண்டுச் சட்டம், கிராமத் தலைவருக்குச் சிறு வழக்குகளை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரத்தை அளித்தது. 'முன்ஸிஃப்' என்றால் நீதமாக நடப்பவர். ஆக, பதவிக்குப் பெயர் சூட்டியவர்கள் அதிகாரத்தைச் சுட்டவில்லை. நம்பகத்தையும் நீதத்தையுமே சுட்டினார்கள். பெயர் நிலைத்தது. பொருள் நிலைத்ததா என்பதுதான் கேள்வி.

சற்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம். சேதுபதிகளின் சீமையாகிய இராமநாதபுரம் 1803இல் நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீனாக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் வேறு பல பகுதிகளில் தாமஸ் மன்றோ வளர்த்த ரயத்துவாரி முறை வேரூன்றியது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பிறகே நம் பகுதிக் குடியானவர்கள் அரசுடன் நேரடித் தொடர்புக்கு வந்தார்கள். எம்முறை ஆயினும் அடித்தளத்தில் இருந்தவர்கள் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் தலையாரியும்தாம். இன்னாருடைய நிலம் இவ்வளவு, இன்ன வாய்க்கால் இன்ன வயலுக்கு என்பது அவர்களுடைய பேனாவில் இருந்தது. அந்தப் பேனா தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று.

பரம்பரை உரிமையால் கிராமப் பதவி வகிப்பது அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1960இல் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1980 நவம்பர் 14 முதல் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பதவி இழந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் அரசின் முடிவு செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. அந்த இடத்தில் வந்தவரே இன்றைய முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர். பிறப்பால் வந்த பேனா, தேர்வு எழுதி வெல்லும் எவருடைய கைக்கும் வரலாம் என்றானது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எத்தகைய வாசல் என்பதை நம் சமுதாயம் இன்னும் முழுமையாக உணரவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

'மேலே உத்தரவு போட்டால் கீழே செய்ய வேண்டியதுதானே, இவர்களுக்கு என்ன தனி அதிகாரம்?' என்று சிலர் நினைக்கலாம். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், ஆசிரியர், காவலர், நலத்துறை ஊழியர் போன்றோரை ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். மேலே வகுக்கப்படும் கொள்கை எதுவாயினும், மக்களை முகத்துக்கு முகம் சந்திக்கும் கடைநிலை ஊழியர் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்பது அவருடைய கருத்தின் சாரம். அமெரிக்காவுக்குச் சொன்னது நம் ஊருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பயிர்க் காப்பீட்டையே எடுத்துக் கொள்வோம். 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரிலும் அதே 'ஃபஸ்ல்' இருக்கிறது. வானம் பார்த்த நம் பூமியில் புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு அது பெரும் ஆறுதல். அதில் சேர, இன்ன சர்வே எண்ணில் இன்ன பயிர் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் தர வேண்டும். பின்னர் அறுவடைக் காலத்தில், தேர்ந்தெடுத்த வயல்களில் ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தை அளந்து, அதிலுள்ள நெல்லை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். இத்தகைய சில சதுரங்களின் சராசரி, நிர்ணயிக்கப்பட்ட விளைச்சலுக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பகுதி முழுவதற்கும் இழப்பீடு. சிந்தித்துப் பாருங்கள்! டில்லியில் தீட்டிய திட்டம், கோடிக்கணக்கான நிதி, எல்லாம் வயல் வரப்பில் தராசு பிடித்து நிற்கும் ஒரு சிறிய ஊழியரின் கண்ணிலும் கையிலும் வந்து நிற்கின்றன. அவர் வயலுக்கு வராமலே கணக்கு எழுதினால், பயிர் கருகிய ஓர் ஊரே இழப்பீடு இல்லாமல் போகலாம்.

நம் மக்களுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அது நம் பெயர்கள். ஒரே மனிதர் குடும்ப அட்டையில் முகம்மது, வாக்காளர் பட்டியலில் முஹம்மது, நிலப் பத்திரத்தில் மொகமது. அரபுப் பெயரைத் தமிழில் எழுதும்போது, எழுதுபவரின் காதுக்கும் கைக்கும் ஏற்ப எழுத்து மாறிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதவைச் சகோதரி வாரிசுச் சான்றுக்காக என்னிடம் வந்தார். இறப்புச் சான்றில் கணவர் பெயர் ஒருவிதம். குடும்ப அட்டையில் வேறுவிதம். ஓர் அலுவலகத்தில் இருந்தவர் பெயர்களைப் பார்த்ததும், "இது வேறு ஆள், அது வேறு ஆள்" என்று சொல்லி மனுவைத் திருப்பிவிட்டார். நான்கு முறை நடந்தும் பதில் மாறவில்லை. "ஆலிம்சா, நாற்பது வருஷம் வாழ்ந்த மனுசன் வேற ஆளாம்" என்று அந்தச் சகோதரி சொன்னபோது எனக்கு மறுமொழி கூற நாவெழவில்லை.

பின்னர் அந்த இருக்கைக்கு வேறொருவர் மாறுதலாகி வந்தார். நம் சமயத்தவர் அல்லர். நம் பெயர்களுடன் பழக்கமும் இல்லாதவர். மனுவைப் படித்தார். "பாய், எனக்கு இந்தப் பெயர் வித்தியாசம் புரியவில்லை. நேரில் வந்து விசாரிக்கிறேன்" என்றார். சொன்னபடியே ஒரு மாலையில் வந்தார். அண்டை வீட்டார் மூவரிடம் கேட்டார். ஜமாஅத்தின் மைய்யித்துப் பதிவேட்டைப் பார்த்தார். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று தம் அறிக்கையில் எழுதினார். அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் வருவாய் ஆய்வாளரின் பரிந்துரையும் வட்டாட்சியரின் சான்றும் எழுந்தன. சட்டம் மாறவில்லை, விதி மாறவில்லை, இருக்கையில் இருந்த மனிதர் மாறினார். முன்னவர் விதியைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக்கினார். பின்னவர் அதே விதியைச் சாவியாக்கினார். லஞ்சம் என்ற பேச்சே இரண்டு இடத்திலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையூட்டு மட்டுமே அநீதி அன்று; சோம்பலும் அலட்சியமும் அநீதியே.

லஞ்சத்தைப் பற்றிச் சொல்லாமலும் விட முடியாது. ஸகாத் வசூலிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொது நிதிக்கு என்றும், மற்றொரு பகுதியைத் தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றும் பிரித்து வைத்தார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அன்பளிப்பு மனிதருக்கு வருகிறதா, இருக்கைக்கு வருகிறதா என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான அளவுகோல் உண்டோ? அக்கேள்வி ஆளுநரை நோக்கியோ படைத்தலைவரை நோக்கியோ எழவில்லை. வசூலுக்குச் சென்ற ஓர் ஊழியரை நோக்கியே எழுந்தது. சிறிய பதவியின் சிறிய தவறு என்று அது தள்ளப்படவில்லை.

அதே சமயம் மறுபக்கத்தையும் காண்பதே நீதம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த மன்றோ 1824இல் எழுதிய நீண்ட குறிப்பில், இந்தியர்களைச் சிறு பதவிகளோடு நிறுத்தி, சொற்ப ஊதியம் தந்து, நம்பிக்கையும் வைக்காமல் இருந்தால் அவர்களிடம் நேர்மையை எப்படி எதிர்பார்ப்பது என்ற வகையில் வாதிட்டார். அந்நியராயினும் அவர் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலர் சில நேரங்களில் இரண்டு கிராமங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேர்தல் பணி, புயல் எச்சரிக்கை, வெள்ளக் கணக்கெடுப்பு, நிவாரணப் பட்டியல் எல்லாம் அவர் தலையில். பட்டாவும் சிட்டாவும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். ஆயினும் கணினித் திரைக்குப் பின்னால் நேரில் விசாரித்து அறிக்கை எழுதுவது அதே மனிதர்தான். நன்மை நடந்தால் பெயர் மேலே போகிறது. தவறு நடந்தால் பழி கீழே இறங்குகிறது.

அந்தச் சிறிய இருக்கை எவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்கக்கூடும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் லூர்து பிரான்சிஸ். தாமிரபரணியில் நடந்த மணல் கடத்தலைப் பற்றிக் காவல் துறையில் புகார் செய்தார். 2023 ஏப்ரல் 25ஆம் நாள், பட்டப்பகலில், தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டிலேயே குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் புகார் செய்யாமல் இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஓய்வூதியம் வரை நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆற்று மணல் தம் வீட்டுச் சொத்து அன்று. ஆனால் தம் பொறுப்பில் உள்ள அமானிதம் என்று அவர் கருதினார். 'அமீன்' என்ற சொல்லுக்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான மற்றொரு சான்று தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அம்மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து இழைத்த கொடுமைகளை இக்குடும்ப இதழில் விவரிக்க இயலாது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். வழக்கு நடந்த காலத்தில் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011இல் தீர்ப்பாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அத்தீர்ப்பை உறுதி செய்ததோடு, அன்று மாவட்டத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர்கள்மீதும் நடவடிக்கை எடுக்கப் பணித்தது. தண்டனை பெற்றவர்களில் உயர் அதிகாரிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் சாதாரண ஊழியர்கள். 'மேலதிகாரி அழைத்துப் போனார், போனேன்' என்ற சமாதானம் முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர்களைக் காக்கவில்லை. ஆக, கீழ்நிலை ஊழியர் வெறும் கருவி அல்லர். அவருக்கும் மனசாட்சி உண்டு. அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். நல்ல உத்தரவை நிறைவேற்றுவது எப்படிக் கடமையோ, அப்படியே தீய செயலில் கைநீட்டாமல் ஒதுங்குவதும் கடமையே.

இனி நம் பங்கைப் பார்ப்போம். ஊழியர் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், வேலை விரைவாக முடிய வேண்டுமென்று கேட்கப்படாத பணத்தையும் உறையில் வைத்து நீட்டுகிறோம். 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவித்தால் சட்டம் அவரைக் காக்கிறது. எனவே வாய்மொழியாகக் கெஞ்சுவதை விட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மனுவின் நிலை தெரியவில்லை என்றால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பிள்ளைகளின் பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தில் எழுதுங்கள். நல்ல அலுவலரைக் கண்டால் அவருடைய மேலதிகாரிக்கு ஒரு பாராட்டுக் கடிதமாவது எழுதுங்கள். நம் பக்கத்தில் குறை மனுக்கள் ஆயிரம் போகின்றன. நன்றிக் கடிதம் ஒன்றும் போவதில்லை.

இறுதியாக, முன்னர் சொல்வதாகக் கூறிய விஷயம். நம் கடற்கரை ஊர்களில் பிள்ளை மேல்நிலைப் பள்ளியை முடித்ததும் கடவுச்சீட்டு எடுக்கப் புறப்படுகிறான். அரபு நாட்டில் வெயிலில் உழைத்து வரும் பணத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதனால்தான் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. ஆனால் வீட்டுக்கு அருகே உள்ள மேஜை நம் கண்ணில் படுவதே இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பணிக்கான தேர்வு இன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வோடு இணைந்துள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குப் போதும். தமிழில் நல்ல தேர்ச்சி கட்டாயம். அது நம் தாய்மொழிதானே! முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் இட ஒதுக்கீடு 2007 முதல் தமிழ்நாட்டில் உள்ளது. வாசல் திறந்திருக்கிறது, நுழைபவர்தாம் குறைவு.

நம் பிள்ளைகள் அந்த இருக்கையில் அமர்ந்து நம்மவருக்கு மட்டும் சலுகை காட்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வாறு செய்தால் அது அமானிதத்துக்குத் துரோகம். நம் பெயர்களுடன் பழக்கமில்லாத ஓர் அலுவலர் நம் வீட்டுத் திண்ணை வரை வந்து உண்மையை விசாரித்தாரே, அதுபோல் நம் பிள்ளையும் மற்றவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று அமர்ந்து விசாரிக்க வேண்டும். கடைசி வயல் யாருடையது என்று பாராமல் மடையைத் திறக்க வேண்டும். அத்தகைய கைகளை உருவாக்கும் பொறுப்பு பெற்றோருக்கும் உண்டு. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் உண்டு. அடுத்த குரூப் 4 அறிவிப்பு வரும்போது, ஒவ்வொரு ஜமாஅத்திலிருந்தும் பத்துப் பிள்ளைகளாவது விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுமானால், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.